பதினான்காவது கோடு

போர்ச்சுகலின் வடக்கு மூலை. அக்டோபர்.
மூன்று வளைவு, கருங்கல், ஒற்றை வண்டி அகலம்.
வயதைக் கேட்டால் ஊரில்
ஆளுக்கொரு நூற்றாண்டு சொல்கிறார்கள்.
எங்கள் படிவத்தில் அந்தக் கட்டம் இன்னும் காலி.

விடியுமுன் முழங்கால் தண்ணீரில் இறங்கி
ஸுல்மிரா வெப்பக் கேமராவை அண்ணாந்து பிடித்தாள்.
நடு வளைவின் அடிவயிற்றில்
நீலமாய் ஒரு திட்டு.
மழை பெய்து நாற்பது நாளாயிற்று.
"பிறகு உனக்கு ஏன் வியர்க்கிறது?"
என்றாள், பாலத்திடம்.

அடுத்து சுத்தியல்.
மேற்குச் சுவரில் நான் தட்டுவேன்
கிழக்குச் சுவரில் அவள் கருவி
ஒலி வந்து சேரும் நேரத்தைக் குறிக்கும்.
கெட்டியான உடம்பில் ஒலி ஓடி வந்துவிடும்.
நடு வளைவுக்கு மேலே மட்டும்
சேற்றில் செருப்பைத் தொலைத்தவன்போல
தடவித் தடவி வந்தது.

ஃபிர்மினோ காலையிலிருந்து
கைப்பிடிச் சுவரை விட்டு அசையவில்லை.
அவருடைய முட்டைக்கோஸ் தோட்டம் அக்கரையில்.
முதலில் காபி கொண்டுவந்தார்.
பிறகு தாளில் மடித்து, சூடாக, சுட்ட செஸ்ட்நட்.
பிறகு ரேடார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து
"இது எவ்வளவு ஆழம் பார்க்கும்?"
உள்ளே மண் காய்ந்திருந்தால் இரண்டு மீட்டர்.
"கல்லையா?"
கல், மண், பொந்து, எல்லாம்.
"இரும்பு?"

இதுவரை எத்தனையோ பாலம் பார்த்துவிட்டேன்.
புதையல் கிடைக்குமா என்று கேட்பார்கள்,
எலும்பு தெரியுமா என்று கேட்பார்கள்.
இரும்பைப் பற்றி, அதுவும் இவ்வளவு மெதுவாக,
யாரும் கேட்டதில்லை.

அரை மீட்டருக்கு ஒரு சுண்ணக்கோடு, குறுக்கே.
மொத்தம் நாற்பத்தொன்று.
தூங்கும் பிள்ளையைத் தள்ளுவதுபோல் வண்டியைத் தள்ளினேன்.
முதல் கோட்டிலேயே
எழுபது சென்டிமீட்டர் ஆழத்தில்
திரையில் ஒரு புருவம் உயர்ந்தது.
இரண்டாவது கோட்டில், அதே ஆழத்தில், அதே புருவம்.
மூன்றில். நான்கில்.
கல் இப்படி வரிசையில் நிற்காது.
இருபதைத் தாண்டியதும்
புருவத்துக்குக் கீழே படம் கலங்கியது,
தாளில் தண்ணீர் சொட்டியதுபோல.

அவர் திரையைப் பார்க்கவேயில்லை.
ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"கிணறெல்லாம் வற்றிய வருஷம்.
நானும் மச்சானும்.
திருவிழா மூன்று ராத்திரியும்
ஊர் வாணவேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.
மேலே ஒரு வெடி வெடிக்கும்,
கீழே ஒரு கடப்பாரை இறங்கும்.
இந்தக் கரை ஊற்றுத் தண்ணீரை
அந்தக் கரை வரைக்கும் கொண்டுபோய்விட்டோம்.
கல்லை எடுத்த மாதிரியே திருப்பி வைத்தோம்,
யாருக்கும் தெரியவில்லை."
கொஞ்சம் பொறுத்து,
"உங்களுக்கும் தெரிந்திருக்காது,
நேராக நடந்திருந்தால்."

நேராகத்தான் நடந்தேன்.
ஆனால் அதை நான் சொல்லவில்லை.

ஸுல்மிரா எழுதினாள்:
உலோகக் குழாய், பாலத்தின் நீளவாக்கில்.
கசிவு இருக்கலாம். உள்நிரப்பில் சாந்து கரைந்திருக்கலாம்.
யார் என்பதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.
பேனாவை மூடிவிட்டு
"வால்வு எங்கே?" என்றாள்.

அவர் எழுந்து ஊற்றுப் பக்கம் போனார்.
போனவர் திரும்ப நேரமாயிற்று.
சட்டை முழங்கை வரை நனைந்திருந்தது.
பழைய இடத்தில் உட்கார்ந்து
மீதிச் செஸ்ட்நட்டை உரித்துக்கொண்டே
"குப்பி தெரிந்ததா?" என்றார்.

எந்தக் குப்பி?

"ஒயின். திறக்காதது.
மண் மூடும்போது மச்சான் உள்ளே வைத்தான்.
லக்ஸம்பர்க் போய்
நாலு காசு பார்த்துத் திரும்பியதும்
தோண்டிக் குடிக்கலாம் என்றான்.
அங்கே சாரம் கட்டுகிற வேலை."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.
கண்ணாடி இதில் அனேகமாகத் தெரியாது என்றேன்.
அது உண்மைதான்.

இரவு, விடுதியில்,
ஸுல்மிரா தூங்கிய பிறகு
கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன்.
பதினான்காவது கோட்டில்
குழாய்க்கு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி
நகம் கீறியதுபோல் ஒரு வளைவு.
கல்லாக இருக்கலாம்.
வெறும் இரைச்சலாக இருக்கலாம்.
குறிப்பு எதுவும் போடாமல்
வடிகட்டியைக் கொஞ்சம் தளர்த்தி
மறுபடி பார்த்தேன்.